தளரத் தெரியாத தசை

புதுச்சேரியில் ஒரு பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வதோடு நிறுத்தாமல் கையும் கொடுப்பார்கள். நேரு வீதியில் அப்படி ஒருவர் உங்களுக்குக் கை கொடுக்கிறார் என்று வையுங்கள். குலுக்கி முடித்து நீங்கள் விட்டுவிட்டீர்கள், அவர் விடவில்லை. விட மனமில்லாமல் அல்ல, விரல்கள் விரிய மறுக்கின்றன. ஐந்தாறு நொடி கழித்து ஒவ்வொரு விரலாகப் பிரிகிறது. முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு, அவ்வளவுதான். வலி இல்லை, நடுக்கம் இல்லை. அதே ஆள் பேருந்து நிலையத்தில் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வண்டி வந்ததும் சட்டென்று எழுந்தால் முதல் அடியில் கால் மரக்கட்டையாகிவிடும். பின்னால் நிற்பவர் "நகருங்களேன்" என்பார். இரண்டாவது அடி சற்று இளகும். பத்தாவது அடியில் எல்லோரையும் போல நடப்பார், ஓடவும் செய்வார். பார்க்கிறவருக்கு இது நோயாகவே தெரியாது. சோம்பல், பாசாங்கு, பிடிவாதம் என்று என்னென்னவோ தோன்றும். போதாக்குறைக்கு இவர்களில் பலருக்கு உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்த்ததுபோன்ற திரண்ட தோள்களும் கெண்டைக்கால்களும் இருக்கும். ஓயாமல் இறுகி இறுகிப் பருத்த தசை அது.

இதற்கு மயோட்டோனியா என்று பெயர். பிறவியிலேயே வரும் வகை உலகில் சுமார் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு உண்டு. ஸ்காண்டிநேவியாவின் வடபகுதியில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு.

முதலில் இதை விரிவாக எழுதியவர் ஒரு நோயாளி, அவரே மருத்துவரும்கூட. யூலியுஸ் தாம்சன், அதுவரை டென்மார்க் மன்னரின் கீழிருந்து 1864 போரில் பிரஷ்யாவின் கைக்குப் போன ஷ்லெஸ்விக் பகுதியில், காப்பெல்ன் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்தவர். தனக்கும் தன் குடும்பத்தில் பல தலைமுறைகளுக்கும் இருந்த இந்த இறுக்கத்தை அவர் நெடுநாள் வெளியே சொல்லவில்லை. 1876-இல் அறுபதைத் தாண்டிய வயதில் எழுத வைத்தது ஒரு தகப்பனின் கோபம். இராணுவத்தில் சேரும் வயதுக்கு வந்த மகனை, வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் நிறைந்த புதுச்சேரியில் இதை விளக்க வேண்டியதில்லை. 'முன்னே செல்' என்று கட்டளை வந்த நொடியில் கால் எழாத சிப்பாயை எந்த நாட்டுப் படையில்தான் நம்புவார்கள்? தாம்சன் நோயைத் துல்லியமாக வருணித்தார்; காரணத்தில்தான் தவறினார். பரம்பரையாக வரும் ஏதோ ஒரு மனச்சார்பின் விளைவு இது என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார். தசையிலேயே கோளாறு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கோளாறு தசையில்தான் என்று காட்டிக்கொடுத்தவை ஆடுகள். 1880 வாக்கில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்கு டின்ஸ்லி என்றொருவர் நான்கு விசித்திர ஆடுகளோடு வந்து சேர்ந்தார் என்பது அங்கே வழங்கும் கதை. திடுக்கிட்டால் அந்த ஆடுகள் நான்கு காலும் விறைத்துப் பக்கவாட்டில் சாயும். பத்து இருபது நொடியில் எழுந்து மேயப் போய்விடும். மயங்கும் ஆடு என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அவை மயங்குவதே இல்லை. விழுந்து கிடக்கும்போதும் விழித்தபடி சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும். வேலி தாண்டிக் குதிக்காது என்பதால் விவசாயிகளுக்குப் பிடித்துப்போயிற்று, இனம் பெருகியது. 1939-இல் பிரவுன், ஹார்வி என்ற இரு உடலியலாளர்கள் இந்த ஆடுகளுக்குக் குராரே கொடுத்துப் பார்த்தார்கள். அது தென்னமெரிக்க அம்பு நஞ்சு. நரம்பின் ஆணை தசையை எட்டாமல் தடுக்கும் என்று பாரிஸில் கிளாட் பெர்னார் அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே காட்டியிருந்தார். நரம்பு முழுக்கத் துண்டிக்கப்பட்ட பிறகும் அந்த ஆட்டுத் தசையைத் தட்டினால் அது இறுகியே நின்றது. ஆக மூளைக்கும் மனதுக்கும் நரம்புக்கும் இதில் பங்கில்லை. தசை நாரின் சவ்வுதான் நிறுத்தத் தெரியாமல் தவிக்கிறது.

ஒரு தசை நிற்பது எப்படி என்று நாம் யாரும் கேட்பதில்லை. இயங்குவதற்குத்தான் சக்தி வேண்டும், நிற்பது தானாக நடக்கும் என்பது நம் நினைப்பு. தசை நாரின் கணக்கு வேறு. சும்மா இருக்கும் நாரின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 80 முதல் 90 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். நரம்பு ஆணையிட்டதும் சோடியம் உள்ளே பாய்கிறது, இந்த அழுத்தம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் தலைகீழாகிறது, அந்த அலை நாரின் நீளம் முழுக்க ஓடுகிறது, தசை சுருங்குகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறி அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பள்ளிப் பாடம் இங்கே முடிந்துவிடும். சோடியம் கதாநாயகன், பொட்டாசியம் துணைநாயகன். குளோரைடுக்கு வசனமே கிடையாது.

மரக்காணம் உப்பளத்தில் வாரிக் குவிக்கும் உப்பை நிறுத்துப் பார்த்தால் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் குளோரின்தான். நம் ரத்தத்தில் சோடியத்துக்கு அடுத்து அதிகமாக இருக்கும் அயனியும் குளோரைடுதான். ஆனாலும் அது சும்மா கூட வந்த ஆள், சோடியத்தின் நிழல் என்றே உடலியல் அதை நெடுங்காலம் நடத்தியது. 1959-இல் ஆலன் ஹாட்ஜ்கினும் பால் ஹோரோவிச்சும் தவளைத் தசையிலிருந்து ஒற்றை நாரைப் பிரித்தெடுத்து, அதைச் சுற்றியுள்ள நீரில் பொட்டாசியத்தையும் குளோரைடையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஓய்விலிருக்கும் நாரின் அழுத்தத்தை இழுத்துப் பிடிப்பதில் குளோரைடுக்குக் கணிசமான பங்கு இருப்பது தெரிந்தது. நம்மைப் போன்ற பாலூட்டிகளில் பங்கு இன்னும் பெரிது. ஓய்வில் இருக்கும் தசை நாரின் சவ்வு வழியே மின்னோட்டம் போகக்கூடிய வசதியில் எழுபது முதல் எண்பது சதவீதம் குளோரைடுடையது. நரம்பு நாரில் இப்படி இல்லை. அங்கே பொட்டாசியம்தான் அதிகாரி. தசை மட்டும் ஏன் இந்த ஊமை அயனியிடம் தன் அமைதியை ஒப்படைத்தது?

விடை தசை நாரின் உருவத்தில் இருக்கிறது. நரம்பு நாரோடு ஒப்பிட்டால் தசை நார் தடிமனானது. மேற்பரப்பில் ஓடும் மின்னலை நாரின் ஆழத்தில் இருக்கும் சுருங்கு இழைகளையும் ஒரே நேரத்தில் எட்ட வேண்டும். அதற்காகச் சவ்வு ஆயிரக்கணக்கான இடங்களில் உள்நோக்கி மடிந்து, நாரின் குறுக்கே நுண்குழல்களாக ஓடுகிறது. குழல்களுக்குள் இருப்பது வெளித் திரவமே. ஒவ்வொரு துடிப்பிலும் நாரிலிருந்து வெளியேறும் பொட்டாசியத்தில் ஒரு பகுதி இந்தக் குழல்களில் விழுகிறது. நாரின் மேற்பரப்பில் விழுவது உடனே பரவிக் கலைந்துவிடும். குழலுக்குள் விழுந்ததோ, அடைமழையில் வடிகால் இல்லாத சந்துக்குள் நின்றுபோன தண்ணீர் மாதிரி அங்கேயே தங்கும். பத்துத் துடிப்பு, இருபது துடிப்பு என்று தொடர்ந்தால் குழலில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். வெளியே பொட்டாசியம் ஏறினால் அழுத்தம் தளரும்; தளர்ந்த அழுத்தம் சோடியக் கால்வாய்களைத் திறக்கும் எல்லையை நெருங்கும். அதைத் தாண்டிவிட்டால் நரம்பு ஆணையிடாமலே தசை தானாகத் துடிக்கத் தொடங்கும். தானாகத் துடித்தால் இன்னும் பொட்டாசியம், இன்னும் துடிப்பு. அமைதியைப் பொட்டாசியத்திடம் மட்டும் ஒப்படைத்திருந்தால் நாம் ஓடி நின்ற ஒவ்வொரு முறையும் தொடை இறுகிப்போயிருக்கும்.

குளோரைடின் கதை அப்படியல்ல. ரத்தத்தில் அது லிட்டருக்கு நூறு மில்லிமோல் அளவில் இருக்கிறது, தசை நாருக்குள் மூன்று நான்குதான். இந்த இருபத்தைந்து, முப்பது மடங்கு வேறுபாட்டுக்கு நேரான மின்னழுத்தத்தைக் கணக்கிட்டால் ஓய்வு அழுத்தமே வந்து நிற்கும். நார் அமைதியாக இருக்கும்போது குளோரைடு உள்ளேயும் போகத் துடிக்காது, வெளியேயும் வரத் துடிக்காது. கால்வாய் திறந்திருக்கும், போக்குவரத்து இருக்காது. அழுத்தம் சற்றுத் தளர்ந்ததும் குளோரைடு உள்ளே நுழையும். எதிர்மின்னேற்றம் கொண்ட அயனி உள்ளே வந்தால் உட்புறம் மீண்டும் எதிர்மின் பக்கம் இழுபடும். குழலில் எவ்வளவு பொட்டாசியம் தேங்கினாலும் இந்த இழுப்பு நாரைத் துடிப்பின் எல்லைக்கு வெளியே நிறுத்தி வைக்கிறது. தேங்கிய பொட்டாசியத்தை மெல்ல உள்ளே ஏற்ற அயனிப் பம்புக்கு அவகாசம் கிடைக்கிறது. தசையின் நிதானம் என்பது இந்த இழுப்புதான்.

ஆடுகளிடம் இல்லாமல் போனதும் இதுதான். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஷெர்லி பிரையன்ட் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய தசையை எடுத்து அயனிப் போக்கை அளந்தார்கள். 1966-இல் வெளியான முடிவு: விறைக்கும் ஆட்டின் நாரில் குளோரைடு போக்கு மிகக் குறைவு. 1971-இல் மயோட்டோனியா உள்ள மனிதர்களின் தசையிலும் அதுவே தெரிந்தது. 1974-இல் பிரையன்ட் கேம்பிரிட்ஜின் ரிச்சர்ட் ஏட்ரியனோடு சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார். குறுக்குக் குழல்களை நாரிலிருந்து பிரித்துவிட்டால், தொடர் துடிப்புக்குப் பின் எஞ்சி நிற்கும் அழுத்தத் தளர்வு காணாமல் போனது. குழலில் தேங்கிய பொட்டாசியம்தான் தூண்டுதல், அதைத் தடுக்கக் குளோரைடு இல்லாததுதான் நோய். என் கணிப்பில் உடலியல் வரலாற்றின் மிக அழகான ஆய்வுகளில் இது ஒன்று. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. சாயும் ஆடு, கண்ணாடி ஊசிமுனை, தெளிவான கேள்வி, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குளோரைடு எந்த வழியாகப் போகிறது? அந்தக் கால்வாயைக் கையில் பிடித்தது தசை ஆய்வாளர்கள் அல்ல. மின் திருக்கையைப் பிடித்தவர்கள்.

மின் திருக்கை நம் கடலுக்கு அந்நியமில்லை. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான அடித்தளத்தில் புதைந்து கிடக்கும் உருண்டைத் திருக்கைகள் உண்டு. வலையில் வந்தால் தொட்டவர் கை மரத்துப்போகும். வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் வலை உதறுகிறவர்களுக்கு இது செய்தியே அல்ல. புதுச்சேரி ஆட்சிப்பரப்பின் ஒரு பகுதியான காரைக்காலுக்குச் சற்று வடக்கே, அன்றைக்கு டேனிஷ்காரர் கையில் இருந்த தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன மீன்களில் ஒன்றை வைத்துத்தான் 1801-இல் பிளாக், ஷ்னைடர் என்ற இருவரின் மீன் நூலில் நார்சினே டிம்லெய் என்ற மரப்புத் திருக்கை அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் ஐரோப்பிய, அமெரிக்க உறவினமான டார்பிடோ வகைத் திருக்கைகளின் மின் உறுப்பு இன்னும் வலுவானது. அந்த உறுப்பு வேறொன்றுமில்லை, சுருங்குவதை மறந்துவிட்ட தசை. செவுள் பகுதித் தசைச் செல்கள் தட்டையாகி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் ஒரு முகத்தில் நரம்பு. மறுமுகம் முழுக்கக் குளோரைடு கால்வாய். மின்சாரம் தடையில்லாமல் வெளியேற அந்த மறுமுகம் எப்போதும் திறந்த கதவாக இருக்க வேண்டும். கால்வாயைத் தேடுபவனுக்கு இதைவிடச் செழிப்பான சுரங்கம் கிடைக்காது.

1970-களின் இறுதியில் அமெரிக்காவில் கிறிஸ்டோஃபர் மில்லர் இந்த உறுப்பின் சவ்வைப் பிரித்துச் செயற்கைப் படலத்தில் ஏற்றி, ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். சாதாரணக் கால்வாய் என்றால் இரண்டே நிலை: மூடியது, திறந்தது. இதில் மூன்று. பூஜ்யம், அரை, முழுசு. இடைவெளிகள் அச்சு அசல் சமம். சில சமயம் மூன்றும் நின்று நீண்ட மௌனம், பிறகு மறுபடியும் ஆட்டம். மில்லர் அதிலிருந்து ஒரு துணிச்சலான ஊகம் செய்தார். இது இரட்டைக்குழல் துப்பாக்கி மாதிரியான கால்வாய். இரண்டு துளை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகக் கதவு; இரண்டையும் சேர்த்து மூடும் பொதுக் கதவு ஒன்று. கண்ணால் பார்க்காமல் மின்னோட்டத்தின் குதியை மட்டும் வைத்துச் சொன்ன இந்த வடிவத்தைப் பலர் நம்பவில்லை. 2002-இல் ராடரிக் மெக்கினனின் குழு பாக்டீரியாவின் உறவுப் புரதத்தைப் படிகமாக்கி ஊடுகதிரில் பார்த்தபோது இரண்டு துளைகளும் அருகருகே இருந்தன. சுவாரசியமான கொசுறு: அந்தப் பாக்டீரியாப் புரதம் கால்வாயே இல்லை, குளோரைடை உள்ளே விட்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் பண்டமாற்று இயந்திரம் என்று 2004-இல் மில்லரும் அக்கார்டியும் கண்டுபிடித்தார்கள். ஒரே அச்சில் வார்த்த குடும்பத்தில் சிலர் கால்வாய், சிலர் பண்டமாற்று இயந்திரம்.

இடையில் ஹாம்பர்கில் தாமஸ் யென்ச் டார்பிடோ கால்வாயின் மரபணுவை 1990-இல் பிரித்தெடுத்தார். தவளை முட்டைக்குள் அந்த மரபணுவின் செய்தியை ஊசி போட்டால் முட்டை குளோரைடை விடத் தொடங்கும், அதுவே அடையாளம். அதைச் சாவியாக்கி மறு ஆண்டே எலியின் தசையிலுள்ள கால்வாயைக் கண்டார். இது சி.எல்.சி-1. 1992-இல் மனிதனின் ஏழாம் குரோமோசோமில் அதே மரபணு கெட்டிருப்பது மயோட்டோனியா குடும்பங்களில் உறுதியானது. இரண்டு ஆண்டு கழித்துத் தாம்சனின் சொந்த வம்சத்தாரிடமிருந்தே மாதிரி வாங்கிப் பார்த்தார்கள். கால்வாய்ப் புரதத்தின் 480-ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் லூசின். தாம்சனின் மகனை நடிகன் ஆக்கியது இந்த ஒற்றை எழுத்துப் பிழை.

தாம்சன் குடும்பத்தில் தகப்பன், மகன், பேரன் என்று தலைமுறை தவறாமல் வந்தது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மரபியலாளர் பீட்டர் எமில் பெக்கர் பல குடும்பங்களைத் தேடிப் பார்த்தபோது வேறொரு வகையே அதிகம் எனத் தெரிந்தது. பெற்றோருக்கு ஒன்றும் இருக்காது, பிள்ளைகளில் ஒருவருக்கோ இருவருக்கோ கடுமையாக வரும். கெடும் மரபணு ஒன்றே. அப்படியானால் ஏன் ஒரு குடும்பத்தில் ஓங்கியும் மற்றொன்றில் ஒடுங்கியும் போகிறது? இதற்கான விடையை மில்லரின் இரட்டைக்குழலே தருகிறது, காகிதமும் பென்சிலும் போதும்.

கால்வாய் இரண்டு அரைகளால் ஆனது. ஒரு பெற்றோரிடமிருந்து கெட்ட மரபணு, இன்னொருவரிடமிருந்து நல்லது என்று வையுங்கள். கெட்ட மரபணு புரதத்தையே உருவாக்காவிட்டால் செல்லில் நல்ல அரைகள் மட்டும் பாதி அளவு இருக்கும். அவை தங்களுக்குள் சேர்ந்து பாதி எண்ணிக்கையில் நல்ல கால்வாய்களாகும். ஐம்பது சதவீதம் குளோரைடு போக்கு தசைக்குப் போதும். இயல்பில் கால் பங்குக்கும் கீழே போனால்தான் இறுக்கம் தொடங்கும். அதனால் பெற்றோர் நலமாக இருப்பார்கள். இருவரிடமிருந்தும் கெட்டதை வாங்கிய பிள்ளைக்கே நோய். இது பெக்கர் வகை. மாறாக, கெட்ட மரபணு ஒரு அரையை உருவாக்கவும் செய்து, அந்த அரை தான் சேரும் ஜோடியின் பொதுக் கதவையும் கெடுத்துவிட்டால்? நல்ல அரையும் நல்ல அரையும் சேர வாய்ப்பு பாதியில் பாதி, கால் பங்கு. மீதி முக்கால் பங்கு ஜோடிகளில் ஒரு கெட்டதாவது இருக்கும், அந்தக் கால்வாய் முழுதும் பாழ். கையில் மிஞ்சுவது இருபத்தைந்து சதவீதம், நோயின் விளிம்பு. ஒற்றைப் பிறழ்வே போதும். அதுவே தாம்சன் வகை. இதுவரை இந்த மரபணுவில் இருநூறுக்கும் மேற்பட்ட பிறழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஒரு சில இரண்டு பாணியிலும் நடந்துகொள்ளும். பொதுக் கதவைப் பாதிப்பவை ஓங்கும் என்பது பெரும்பாலும் சரியாக வருகிறது.

பெக்கர் வகையைப் பற்றிப் பேசினால் நம்மூரில் திருமணப் பேச்சு வராமல் போகாது. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமனுக்கு அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும் வழக்கம் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பழசு. ஒரே கெட்ட பிரதியை இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து வாங்கியிருக்கும் வாய்ப்பு இதில் கூடும். மாமன்–அக்காள் மகள் உறவில் அத்தை மகன்–மாமன் மகள் உறவைவிட இரண்டு மடங்கு. இங்கே ஒரு சரித்திரக் குறிப்பு. 1881-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னிற்க, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரித் தமிழர்கள் உண்டு. அந்தச் சட்டப் புத்தகத்தில் மாமன்–அக்காள் மகள் திருமணத்துக்குத் தடை இருந்தது, விலக்கு வேண்டுமானால் அரசுத் தலைவரின் அனுமதி வேண்டும். சட்டம் போட்டவர்கள் மரபணுவை நினைத்துப் போடவில்லை, வாரிசு உரிமையையும் ஒழுக்கத்தையும் நினைத்துப் போட்டார்கள். 1978-இல் புதுச்சேரியிலேயே அச்சான இந்திய மருத்துவ மரபியல் தொகுப்பில் இந்த ஊரின் உறவுத் திருமணங்களும் அவற்றின் விளைவுகளும் ஆராயப்பட்டன. சொந்தத்தில் கட்டியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. மயோட்டோனியா ஆயுளைக் குறைக்கும் நோயுமல்ல. ஆனால் ஒரு பிள்ளைக்கு இருந்தால், அடுத்த குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதைப் பெற்றோரிடம் சொல்லாமல் விடுவது தவறு.

மரபணு கெடாமலும் இந்தக் கால்வாயை அடைக்கலாம். பாகூர் ஏரிப்பாசன வயல்கள் போன்ற நெல் வயல்களில் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிக்கும் 2,4-டி என்ற களைக்கொல்லியை விலங்குகளுக்குக் கொடுத்தால் மயோட்டோனியா வரும் என்பது 1940-களிலேயே தெரிந்த சங்கதி. அந்த மூலக்கூறின் உறவினங்கள் சி.எல்.சி-1 துளையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன; கால்வாய் ஆய்வாளர்கள் இவற்றையே கருவியாகவும் பயன்படுத்துகிறார்கள். கொழுப்பைக் குறைக்க ஒரு காலத்தில் சோதிக்கப்பட்ட 20,25-டையசாகொலஸ்டிரால் என்ற மருந்து நோயாளிகளுக்கு இறுக்கத்தைக் கொடுத்துக் கைவிடப்பட்டது.

கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கு வேர் 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. இன்று அங்கேயோ வேறு பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலோ இந்த நோயைப் பிடிக்கும் முறை வியப்பாக எளிமையானது. கையை இறுக மூடித் திறக்கச் சொல்வார்கள். கட்டைவிரல் அடிச் சதையைச் சிறு சுத்தியலால் தட்டுவார்கள், சதை குழிந்து அப்படியே நிற்கும். பிறகு மெல்லிய ஊசியைத் தசையில் செருகி மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்பார்கள். இயல்பான ஓய்வுத் தசை மௌனம். மயோட்டோனியா தசையோ சுருதி ஏறி இறங்கி ஊளையிடும். இரண்டாம் உலகப்போரில் தலைகீழாகப் பாய்ந்து குண்டு போட்ட விமானத்தின் சத்தத்தை நினைவூட்டுவதால் மருத்துவர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது.

சத்தம் கேட்டதும் வேலை முடிந்ததாகாது. சோடியக் கால்வாய் கெட்டு வரும் பாராமயோட்டோனியா என்றொரு உறவினர் உண்டு. அதில் இயங்க இயங்க இறுக்கம் கூடும், குளிர் பட்டால் மோசமாகும். பெரிய மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுத்துப் போடும் ஒருவருக்கு அது இருந்தால் விரல்கள் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இன்னும் முக்கியமானது மயோட்டோனிக் டிஸ்ட்ரோஃபி. இதில் குளோரைடு மரபணுவில் ஒரு குறையும் இல்லை. குற்றவாளி 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அங்கே மூன்றெழுத்துத் தொடர் ஒன்று நூற்றுக்கணக்கில் பெருகி, அதன் ஆர்.என்.ஏ. செல்லின் வெட்டி ஒட்டும் புரதங்களைச் சிறைபிடித்து வைத்துக்கொள்கிறது. விளைவாகச் சி.எல்.சி-1-இன் செய்தி தவறாக ஒட்டப்பட்டுக் கால்வாய் உருவாகாமல் போகிறது என்று 2002-இல் தெரியவந்தது. கையின் இறுக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இவர்களுக்குத் தசை மெலியும், கண்புரை சீக்கிரம் வரும், இதயத் துடிப்பின் மின்வழி அடைபடலாம். அதனால் கை விடவில்லை என்று வருகிறவருக்கு இதயப் பதிவும் கண் பரிசோதனையும் எழுதித் தரும் மருத்துவரை அனாவசியச் செலவு வைக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

கால்வாயைத் திறக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சுற்றுவழியில் போகிறார்கள். மெக்சிலெட்டின் என்ற பழைய இதய மருந்து சோடியக் கால்வாய்களின் தொடர் துடிப்பை அடக்கும். 2012-இல் 59 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் இறுக்கம் குறைந்தது உறுதியானது. வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின், ஃபெனிடோயின் மாத்திரைகளும் அதே வேலையைச் சுமாராகச் செய்யும். நோய் இருப்பவர் அறுவை சிகிச்சைக்குப் போனால் மயக்க மருந்து தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; சக்சினில்கோலின் என்ற ஊசி தசையைத் தளர்த்துவதற்குப் பதிலாகத் தாடையையே பூட்டிவிடலாம். மற்றபடி பலர் மருந்தே இல்லாமல் வாழ்கிறார்கள். மாடிப்படி ஏறுவதற்கு முன் கீழே இரண்டு சுற்று நடந்து, கையை மூடித் திறந்து, தசையைப் பழக்கிக்கொண்டு ஏறுவார்கள். பழகினால் ஏன் இளகுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. சோடியக் கால்வாய்கள் களைத்து ஒதுங்குவது காரணம் என்கிறது ஒரு கட்சி, அயனிப் பம்பு வேகம் பிடிப்பது என்கிறது மற்றொன்று.

இத்தனையும் படித்த பிறகு குளோரைடு கால்வாய் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ஓலே நீல்சன், தாமஸ் பெடர்சன் ஆகியோர் அதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார்கள். கடுமையாக உழைக்கும் ஆரோக்கியமான தசை தன் சி.எல்.சி-1 கால்வாய்களில் ஒரு பங்கைத் தானே மூடிக்கொள்கிறது. களைப்பில் சோடியக் கால்வாய்கள் சோம்பும்போது குளோரைடின் இழுப்பும் முழு வலுவில் இருந்தால் நரம்பின் ஆணையால் நாரை எழுப்பவே முடியாது. 2004-இல் அவர்கள் காட்டியது, களைப்புக்குக் காரணம் என்று தலைமுறை தலைமுறையாக நாம் திட்டிவந்த அமிலம் இந்த மூடுதலுக்கு உதவுகிறது என்பது. வேலை செய்யும் தசையை அது காப்பாற்றுகிறது. அங்கிருந்து அவர்கள் இன்னொரு நோய்க்குப் போனார்கள். மயஸ்தீனியா கிராவிஸில் நரம்பின் செய்தியை வாங்கும் ஏற்பிகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. செய்தி பலவீனமாக வருகிறது, இமை தொங்குகிறது, மாலையில் சோறு மெல்ல முடியவில்லை. குளோரைடின் இழுப்பைச் சற்றுக் குறைத்தால் அந்தப் பலவீனச் செய்தியே எல்லையைத் தாண்டப் போதுமானதாகும் அல்லவா? சி.எல்.சி-1-ஐ அளவோடு அடைக்கும் ஒரு மாத்திரை இப்போது அந்த நோயாளிகளிடம் சோதனையில் இருக்கிறது. டென்னசி ஆட்டைச் சாய்த்த அதே அடைப்புதான் இது. எவ்வளவு அடைக்கலாம் என்பதில் இருக்கிறது வித்தியாசம். ஐம்பது சதவீதம் போனாலும் தசை தாங்கும், கால் பங்குக்குக் கீழே போனால் கை விடாது.